பத்தடிப் பாதை

(களப்பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘வெளியும் அதிகாரமும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. வெளி, உடல், அதிகாரம் என்றெல்லாம் சிறுபத்திரிகைகளில் நாம் நிறைய எழுதியாயிற்று. நானும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வெளியை அடிக்கணக்கில், அங்குலக் கணக்கில் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பத்தடி அகலம், நூறடி நீளம், ஆறு அங்குல கனம். ஒரு சேரித் தெருவுக்குப் போகிற பாதை. அது யார் மண்ணு, அதுமேல யார் கல்லு போடுறது, போடவிடாம ஏன் தடுக்கிறான், போட்டா என்ன ஆகும். இதுதான் பேச்சு.

முதலில் ஒரு விசயம். ரோடு போடத் தெரியாத சனம் இல்லை நாம். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் நிற்கிறது யார்? பாண்டு சட்டியில் ஜல்லி தூக்குற பொம்பளைங்க எந்தத் தெருவிலிருந்து வர்றாங்க? நகரத்தில் புதுசா கட்டுற பங்களாவில் கேட்டிலிருந்து கார் நிறுத்துற போர்ட்டிகோ வரைக்கும் பேவர் பிளாக் பதிக்கிறான். மணலை மட்டம் பார்த்து, கல்லுக்குக் கல்லு இடுக்குல மணல் தட்டி, தண்ணி ஒரு பக்கமா ஓடுற மாதிரி சாய்வு வைத்து, கார் ஏறினால் கல் ஆடாத மாதிரி பதிக்கத் தெரிந்தவன் நம்ம பையன். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகும்போது வரப்புமேல நடந்து போறான். மழைக்காலத்துல செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் போறான். ஒரு காலத்தில் சாதிக்காகச் செருப்பைக் கையில் எடுத்தோம், இப்போது சேற்றுக்காக எடுக்கிறோம் என்று சொன்னால் சிரிப்பு வரலாம். அந்தச் சேறு எப்படி அங்கே நிலைத்திருக்கிறது என்று கேட்டால் சாதியில்தான் போய் நிற்கும்.

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பதால் பத்திரங்கள் என் கைக்கு நிறைய வரும். பத்திரத்தில் சொத்து விவரம் எழுதுகிற பகுதியை நான் கவிதை படிப்பதுபோல நிதானமாகப் படிப்பேன். நான்கெல்லை சொல்லியிருக்கும். வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே சர்க்கார் வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை. பழைய பத்திரங்களில் ‘பறைத்தெருவுக்குப் போகும் பாதை’ என்றே எழுதியிருப்பான். பிறகு பாத்தியங்கள் வரும். மாமூல் வழிநடை பாத்தியம், வண்டி வாகனம் போகவர பாத்தியம், ஏர் கலப்பை கொண்டுபோக, ஆடு மாடு ஓட்டிப்போக. எல்லாம் இருக்கும். பிணம் தூக்கிப்போக என்று நான் பார்த்த எந்தப் பத்திரத்திலும் இல்லை. மாட்டுக்கு எழுதிவைத்த பாத்தியம் நம்ம செத்த உடம்புக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் கேட்டு ஒரு மனைப் பத்திரம் வந்தால், மதிப்பீடு செய்யப் போகிற பொறியாளர் முதலில் பார்ப்பது மனைக்குப் பாதை இருக்கிறதா, எத்தனை அடி, யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான். பாதை இல்லாத மனைக்கு மதிப்பு விழுந்துவிடும்; பல நேரம் கடனே கிடையாது. ஆகவே பாதையை மறிக்கிறவன் நடையை மட்டும் மறிக்கவில்லை. ஆம்புலன்ஸை, கேஸ் சிலிண்டரை, செங்கல் லோடை, அந்த மண்ணின் விலையை, அதன்மேல் கிடைக்கக்கூடிய கடனை எல்லாவற்றையும் சேர்த்து மறிக்கிறான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். நிறைய ஊர்ல நம்மை நடக்கவே கூடாதுன்னு சொல்றதில்ல. ‘நடந்து போங்கப்பா, யாரு வேணாம்னது? ஆனா மண்ணு கொட்டாத, கல்லு போடாத’ம்பான். நம்ம பெரியவங்களும் ‘அவரு பெரிய மனசு பண்ணி விட்டிருக்காரு, கெடுத்துக்காதீங்க’ம்பாங்க. நடக்க விடுகிறவன் கல் போட மட்டும் ஏன் விடமாட்டேங்கிறான்? வெறும் வீம்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவனுக்குச் சட்டம் தெரியும். அவன் தாத்தாவுக்கே தெரியும்.

1882-இல் வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்தவன் நிலத்தின் வழியாகப் போகிற உரிமையைப் பற்றிய சட்டம். ஆரம்பத்திலேயே சென்னை மாகாணத்துக்கும் சேர்த்துப் போடப்பட்ட சட்டம் அது. அதன் 15-ஆம் பிரிவு சொல்வது: ஒரு வழியை 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாகக் கருதி, இடையறாமல் பயன்படுத்தி வந்தால் அது உரிமையாகிவிடும். அரசு நிலமானால் 30 ஆண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ‘உரிமையாகக் கருதி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு நடந்தால் அது உரிமையாகாது, நூறு வருசம் நடந்தாலும் ஆகாது. அனுமதி, கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள். நம்ம சனம் கும்பிட்டு நின்ற ஒவ்வொரு முறையும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பாதை நம்மை விட்டு விலகிப் போயிருக்கிறது. சண்டை போட்டு நடந்திருந்தால் ‘அமைதியாக’ என்ற சொல் இடிக்கும். ஆண்டை - அடிமை உறவு இருந்த ஊரில் ஒரு பறையனோ பள்ளனோ சக்கிலியனோ அமைதியாகவும் உரிமையாகவும் ஒருசேர நடந்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியைச் சட்டம் எழுதியவன் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

ஆனால் அதே சட்டத்தில் 60-ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒரு சில நிலைமைகளில் மட்டும் முடியாது. அதில் ஒன்று, அனுமதி பெற்றவன் அதை நம்பிச் செலவு செய்து நிலையான ஒரு வேலையைச் செய்திருந்தால். அதாவது நடந்தால் அனுமதி. கல் போட்டுக் கெட்டித்தால், அந்த அனுமதியைத் திரும்பப் பறிக்க முடியாது என்று வாதாட நமக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ‘மண்ணு கொட்டாத’ங்கிறான் பாருங்க, அதனுடைய அர்த்தம் இதுதான்.

இரண்டாவது காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 15-ஆவது பிரிவின் 2-ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதி காரணமாக யாரையும் தடுக்கக்கூடாது. எந்தச் சாலை? முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று விடப்பட்டது. ‘ஒரு பகுதியாகவோ’ என்ற சொல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஊராட்சிப் பணத்தில் அந்தப் பாதையைப் பராமரிக்க ஆரம்பித்தால், நிலத்தின் சொந்தம் மாறாமல் இருக்கலாம். அந்தப் பாதை 15(2)-இன் பக்கம் நகர்ந்துவிடுகிறது. சாதி பார்த்து மறிக்கிறவன் அரசியல் சட்டத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டிவரும். ஒரு லாரி கிராவல் நமக்குச் சேறு தாண்டுகிற வசதி. அவனுக்கு அது ஒரு ஆவணம். ரோடு ரோலர் ஏறினால் அது ஒரு சாட்சி.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று வரலாற்றில் கொஞ்சம் பார்க்கலாம். 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிக்கொண்டு பொதுச் சாலையில் போனார். நடப்பதற்கே தடை இருந்த காலத்தில் வண்டியில் போனார். 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பது. அதே 1924-இல்தான் வைக்கம். மார்ச் 30-இல் தொடங்கிய போராட்டம் 1925 நவம்பரில் முடிந்தபோது கோயிலைச் சுற்றிய மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. பிறகு 1950-இல் அரசியல் சட்டம், 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

இப்படிப் பொதுச் சாலையில் சட்டத்தை வைத்து நாம் உள்ளே வர வர, சாதி எங்கே போய் ஒளிந்தது? பட்டாவுக்குள் போய் ஒளிந்தது. முன்பு ‘நீ இந்தச் சாதி, வராதே’ என்றவன் இப்போது ‘இது என் பட்டா நிலம், வராதே’ என்கிறான். வார்த்தை மாறிவிட்டது. வேலி அதே இடத்தில்தான் இருக்கிறது. தீண்டாமை, உடைமை உரிமையின் மொழியைக் கற்றுக்கொண்டு பேசுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனால், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தத்தில் இடுகாடு, சுடுகாடு, சாலை, பாதை என்று பெயர் சொல்லியே, அவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. மனு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

நடந்தவற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உத்தப்புரத்தில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே சுவர். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை மட்டும் இடித்து 15 அடி பாதை விட்டது. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப் பாதை வழியாகப் பெரியவர் ஒருவரின் உடலைக் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும், காவல்துறையே உடலை எடுத்துக்கொண்டு பழைய வழியில் போனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் வேலி. பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே படமாகப் பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். தன் வீட்டைக் காலனியிலிருந்து பிரித்துக்கொள்ள ஒருவர் எழுப்பிய உயரமான சுற்றுச்சுவர் மழையில் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். வேலி, சுவர், கேட் எல்லாம் தனிச்சொத்துதான். எல்லாம் ‘சிவில் மேட்டர்’தான்.

சரி, என்ன செய்வது? கோபப்பட்டுக் கவிதை எழுதலாம். எழுத வேண்டும். கூடவே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை பதிவேடு. உங்கள் ஊரின் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். நாம் வரப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பது பல இடத்தில் பதிவேட்டில் வண்டிப்பாதை. அவன் உழுது உழுது சேர்த்துக்கொண்டது. சர்வேயரை வைத்து அளந்தால் கல் தெரியும். அப்படி இருந்தால் அது ஆக்கிரமிப்பு. பட்டா என்ற பேச்சே கிடையாது.

இரண்டாவது, உண்மையாகவே பட்டா நிலமாக இருந்தால். 1978-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கிற சட்டம். வீட்டுமனைக்கு மட்டுமான சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். குடியிருப்புக்கும் இடுகாட்டுக்கும் சுடுகாட்டுக்கும் போகிற பாதைக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நிலக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, கலெக்டர் மாவட்ட அரசிதழில் வெளியிட்டால் நிலம் அரசுக்கு வந்துவிடும். இழப்பீடு அரசு கொடுக்கும். 2019-இல் உயர்நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகவே சட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் ‘பாதை வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் புல எண்ணையும் போட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, நல்ல மனசுள்ள ஒருவர் நிலம் தருகிறேன் என்றால் வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து வாங்குங்கள். அப்பா கொடுத்த வாக்கை மகன் மறுப்பான். மகன் மறுக்காவிட்டால் நிலத்தை வாங்கினவன் மறுப்பான். நகரத்தில் லே-அவுட் போடுகிறவன் அங்கீகாரம் வாங்குவதற்காகத் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்கிறான். எழுதிக்கொடுத்த பிறகு அந்தத் தெருமுனையில் கேட் போட்டு வாட்ச்மேன் வைத்தால், அது பொதுத்தெருவை மறிக்கிற காரியம். இதுவும் நம் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

நான்காவது, பாதை வந்துவிட்டது என்று வையுங்கள். டெண்டர் விட்டு சிமெண்ட் ரோடு போட வருகிறான். இங்கேதான் நாம் அசந்துபோகிறோம். ரோடு வந்ததே போதும் என்று இருந்துவிடுகிறோம். சேரிக்குப் போடுற ரோடு ரெண்டே மழையில ஏன் பேந்துபோகுதுன்னு கணக்குப் பார்க்கலாமா?

பத்தடி அகலம், நூறடி நீளம், ஆறு அங்குல கனம் என்றால் 500 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவைக்கு ஏறத்தாழ 110 மூட்டை சிமெண்ட் வேண்டும். அவன் நாலு அங்குலம் போட்டால் 75 மூட்டையில் முடித்துவிடலாம். நூறடிக்குள் 35 மூட்டைக்குமேல் காணாமல் போய்விடுகிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வழவழவென்றுதான் இருக்கும். பலகை அடிக்கும்போதே டேப் வைத்து ஆழம் பார்க்க வேண்டும். அடியில் களிமண் இருந்தால் வெட்டி எடுத்து, கிராவல் போட்டு, தண்ணி விட்டு ரோலர் ஓட்டியிருக்க வேண்டும். களி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே எவ்வளவு சிமெண்ட் கொட்டினாலும் வெடிக்கும். போட்டபிறகு சாக்கையோ வைக்கோலையோ பரப்பி ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து நாள் நல்லது. இதற்குக் காண்ட்ராக்டர் வரமாட்டான். தெருப் பெண்கள் முறை வைத்துத் தண்ணி ஊற்றலாம்.

சாய்வு ரொம்ப முக்கியம். நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் இறங்க வேண்டும். பத்தடி சிமெண்ட் ரோட்டுக்கு நடு ஒன்றரை அங்குலம் உயரம் போதும். அந்தத் தண்ணி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஊர்த்தெருச் சாக்கடை வந்து முடிகிற இடமாகத்தான் நம்ம தெருவை வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் இல்லாமல் ரோடு மட்டும் போட்டால் அது ஊர்த் தண்ணியை நம்ம வீட்டுக்குக் கொண்டுவருகிற ஓடையாகிவிடும். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதுமேலேயே ஒவ்வொரு தடவையும் அஞ்சு அங்குலம் ஏற்றிக்கொண்டே போனால் ரோடு ஏறும், வீடு இறங்கும். வாசப்படி தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்ட காலனிகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் கேட்க நீ யார் என்றால், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் என்று சொல்லுங்கள். எஸ்டிமேட் நகலும் அளந்து எழுதுகிற எம்-புக் நகலும் கேட்கலாம். அதோடு நடக்கிற வேலையைப் போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு விவாதம். நம் தோழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள விசயம் இது. ஊர்த்தெரு வழியாக விடமாட்டோம் என்று அவன் தகராறு செய்கிறான். அதிகாரி சமாதானக் கூட்டம் போடுகிறார். ‘உங்களுக்குத் தனியா சுத்துப் பாதை போட்டுத் தர்றோம், சிமெண்ட் ரோடு, லைட்டு எல்லாம் உண்டு, ஊர் வழியா வரவேணாம்’ என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? ‘பொம்பளைங்க ராத்திரியில பிரசவத்துக்குப் போக முடியல, கொடுக்கிறத வாங்குங்க’ என்கிறார்கள் ஒரு பக்கம். ‘தனிப் பாதை என்பது தீண்டாமைக்கு அரசே போட்டுக்கொடுக்கிற சிமெண்ட்’ என்கிறார்கள் இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிரசவ வலியில் இருக்கிறவளிடம் போய்க் கருத்தியல் பேச என்னால் முடியாது. தனிச் சுடுகாடு, தனிப் பாதை, தனித் தொட்டி என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்து அமைதி காப்பதுதான் நிர்வாகத்தின் வழக்கம் என்பதையும் நான் மறுக்கவில்லை.

என்னுடைய நிலைப்பாடு இதுதான். பாதையை வாங்குவோம். ஆனால் சமாதானக் கூட்டத்துத் தீர்மான நோட்டில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். அதிகாரி ‘மாற்றுப் பாதை’ என்று எழுதுவார். அடித்துவிட்டு ‘கூடுதல் பாதை’ என்று எழுதச் சொல்ல வேண்டும். மாற்று என்றால் ஊர்த்தெருவை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பொருள். நாளைக்கு நம் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்து முகத்தில் காட்டுவான். கூடுதல் என்றால் அதுவும் எங்களுக்கு, இதுவும் எங்களுக்கு. எழுத மறுத்தால் கையெழுத்து கிடையாது. புதுப் பாதை போட்ட பிறகும் ஊர்த்தெரு வழியாக நடப்பதை நிறுத்தக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் ரேசன் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். யாரையும் கேட்காமல் போக வேண்டும்.

இங்கே வந்திருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை கூடும்போது ஒவ்வொருவரும் உங்கள் தெருவுக்கு வருகிற பாதையின் புல எண், பதிவேட்டில் உள்ள அகலம், தரையில் உள்ள அகலம், சுடுகாட்டு வழி யார் பேரில் இருக்கிறது என்ற இந்த நாலு விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாற்பது ஊரின் தாள் சேர்ந்தால் அது ஒரு அறிக்கை. அதை இந்தப் பத்திரிகையிலேயே போடலாம், கலெக்டர் மேசையிலும் வைக்கலாம். டேப் நான் வாங்கித் தருகிறேன்.